ப்ளூ சீஸ் சாலட் சரியாக வராதபோது: குறையைக் கண்டு காரணத்தைத் திருத்தும் வழிமுறை

பூஞ்சையால் நீல நரம்புகள் ஓடிய ப்ளூ சீஸைச் சேர்த்து வயிறு நிறைய உண்ணும்படி செய்யப்படும் சாலட்டில் ஏற்படும் குறைகள் பலவாகத் தோன்றினாலும், அவற்றுள் பெரும்பாலானவை ஒரே தவறான எண்ணத்திலிருந்து பிறக்கின்றன. வெள்ளரிக்காயையோ தக்காளியையோ போல அந்தச் சீஸையும் மற்றுமொரு சேர்பொருளாகக் கருதி, உப்பு, எண்ணெய், புளிப்பு ஆகிய மூன்றையும் வழக்கமான சாலட்டுக்குரிய முழு அளவில் சேர்த்துவிடுகிறோம். ஆனால் ப்ளூ சீஸ் தன்னளவிலேயே உப்பும் கொழுப்பும் காட்டமான மணமும் செறிந்த சுவையூட்டி. டிரெஸ்ஸிங், அதாவது இலைகளில் கலக்கும் எண்ணெய்-வினிகர் கலவை, செய்ய வேண்டிய வேலையில் பாதியை அதுவே செய்துவிடுகிறது. மற்ற அளவுகள் எல்லாம் அதைச் சுற்றியே அமைய வேண்டும்.

கீழே கூறப்படும் திருத்தங்கள் இருவர் ஒரு வேளை உணவாக உண்ணும் அளவை அடிப்படையாகக் கொண்டவை. கழுவி உலர்த்திய இலைகள் 150 கிராம் தேவை; அதில் முக்கால் பங்கு ரொமெய்ன் லெட்டூஸாகவும், கால் பங்கு ராடிக்கியோ அல்லது அருகுலா போன்ற சற்றுக் கசப்பான இலையாகவும் இருப்பது நல்லது. ப்ளூ சீஸ் 75 கிராம், தோலுடன் வேகவைத்த சிறிய உருளைக்கிழங்கு 250 கிராம், வேகவைத்த முட்டை 2, பேரிக்காய் ஒன்று, வால்நட் 40 கிராம், சிவப்பு வெங்காயம் பாதி. டிரெஸ்ஸிங்குக்கு எண்ணெய் 3 மேசைக்கரண்டி, ஒயின் வினிகர் ஒன்றரை மேசைக்கரண்டி, டிஜான் கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, தேன் அரைத் தேக்கரண்டி, புதிதாகப் பொடித்த மிளகு. சாதாரண வினிகர் டிரெஸ்ஸிங்கில் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய் சேர்ப்பது வழக்கம். இங்கே சீஸின் கொழுப்பும் கணக்கில் சேர்வதால் இரண்டு பங்கு போதும். இந்தப் பட்டியலில் உப்பு வேண்டுமென்றே விடப்பட்டுள்ளது.

சாலட் உப்புக் கரிக்கிறது

இதுவே மிக அதிகமாக நேரும் குறை. சாதாரண ப்ளூ சீஸ் 100 கிராமில் ஏறத்தாழ 3 கிராம் உப்பு இருக்கிறது. ராக்ஃபோர் என்ற பிரெஞ்சு வகையில் அதைவிடவும் கூடுதல். எனவே 75 கிராம் சீஸைச் சேர்க்கும்போதே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு, அதாவது தேக்கரண்டியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான தூள் உப்பு, கிண்ணத்துக்குள் வந்துவிடுகிறது. கடுகு விழுதிலும் உப்பு உண்டு. இவற்றுடன் பேக்கன் (உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி இறைச்சி), ஆலிவ், கேப்பர் (உப்பில் ஊறிய சிறு மொட்டுகள்), உப்பிட்டு வறுத்த பருப்புகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று சேர்ந்தாலும் எல்லை தாண்டிவிடும்.

சீஸில் இவ்வளவு உப்பு இருப்பதற்குக் காரணம் உண்டு. நீல நரம்புகளை உண்டாக்கும் பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சை உப்பைத் தாங்கி வளரக்கூடியது. வேண்டாத நுண்ணுயிர்கள் பலவற்றால் அவ்வாறு வளர இயலாது. உப்பின் துணையால்தான் அந்தப் பூஞ்சை தனியாட்சி நடத்துகிறது. பல வகைகளில் உப்பு வெளிப்புறத்தில் தேய்க்கப்பட்டு மெல்ல மெல்ல உள்ளே இறங்குவதால், துண்டின் ஓரம் நடுப்பகுதியைவிடச் சற்று அதிகமாகக் கரிப்பதும் உண்டு. உப்புக் குறைவாக வேண்டுவோர் நடுப்பகுதியைச் சாலட்டின் மேலே உதிர்க்கவும், ஓரப் பகுதியை டிரெஸ்ஸிங்கில் மசிக்கவும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

கரித்துவிட்ட சாலட்டைத் திருத்த உப்பில்லாத பொருளைக் கூட்டுவதே வழி. இன்னும் இரண்டு கைப்பிடி இலை, உப்பிடாமல் வேகவைத்த உருளைக்கிழங்கு, இன்னொரு பாதிப் பேரிக்காய் ஆகியவற்றைச் சேர்த்துக் கிளறினால் கரிப்பு பரவலாகித் தணியும். சர்க்கரையைத் தூவினால் இனிப்பும் கரிப்பும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நிற்குமே தவிர உப்புக் குறையாது. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ கூட்டுவது பெரும்பாலும் கரிப்பை மேலும் எடுத்துக்காட்டிவிடும். சீஸைத் தண்ணீரில் அலசி எடுப்பது எனக்கு ஒருபோதும் ஏற்புடையதன்று. மேற்பரப்பின் உப்பு கொஞ்சம் போவதற்காக மணத்தையும் இழந்து, பிசுபிசுப்பான ஈரத் துண்டுகளே கையில் மிஞ்சும்.

அடுத்த முறை இது நேராமல் தடுப்பதற்கு ஒரு சோதனை போதும். டிரெஸ்ஸிங்கைத் தனியாக நாக்கில் வைத்துப் பார்த்தால் அது உப்பற்றதாகவும் புளிப்பாகவுமே தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பி உப்பிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்குப் பதிலாக ஓர் இலையை டிரெஸ்ஸிங்கில் தோய்த்து, அதன்மேல் ஒரு சிறு துணுக்குச் சீஸை வைத்துச் சேர்த்து மென்று பாருங்கள். அந்த ஒரு வாயில் உப்புப் போதவில்லை என்று தோன்றினால் மட்டுமே, எல்லாம் கலந்த பிறகு, கடைசியில் ஒரு சிட்டிகை சேர்க்கலாம். பெரும்பாலும் தேவைப்படாது.

கிண்ணத்தின் அடியில் தண்ணீர் தேங்குகிறது. டிரெஸ்ஸிங் இலையில் ஒட்டவில்லை

இவை இரண்டாகத் தெரிந்தாலும் ஒரே குறைதான். ஈரமான இலையின்மேல் எண்ணெய் ஒட்டாது. அது வழுக்கிக் கீழே இறங்க, இலையிலிருந்த தண்ணீர் அதனுடன் சேர்ந்து அடியில் மங்கலான குட்டையாகத் தேங்குகிறது. அதில் ஊறிய சீஸ் துணுக்குகள் கரைந்து சாம்பல் நிறக் கூழாக மாறுவதால், சுவையோடு தோற்றமும் கெடுகிறது.

இலைகளை உலர்த்துவதில் காட்டும் பொறுமைதான் இந்தச் சாலட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்றே சொல்வேன். சாலட் ஸ்பின்னர் இருந்தால் அதை முழுவதும் நிரப்பாமல் பாதியளவே இலைகளை இட்டு, ஒரு முறை சுழற்றித் தண்ணீரைக் கொட்டி, இலைகளைப் புரட்டிப்போட்டு மீண்டும் சுழற்ற வேண்டும். அது இல்லாதவர்கள் பருத்தித் துணியில் இலைகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, தளர்வாகச் சுருட்டி, அந்தச் சுருளை அப்படியே குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைக்கலாம்; துணி எஞ்சிய ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதோடு இலையும் குளிர்ந்து மொறுமொறுப்பாகும். காகிதத் துண்டின்மேல் ஓர் இலையை அழுத்தி எடுத்தால் ஈரத்தடம் விழக்கூடாது. விழுந்தால் இன்னும் உலர்த்த வேண்டும்.

இலைகள் நன்கு உலர்ந்திருந்தும் தண்ணீர் தேங்கினால் மற்றப் பொருள்களைச் சந்தேகிக்க வேண்டும். தக்காளியின் விதைப்பகுதியில் நீர் மிகுதி; அதை வழித்தெடுத்துவிட்டு, நறுக்கிய சதையை வடிகட்டியில் கால் மணி நேரம் வைத்த பிறகே சேர்க்க வேண்டும். வெள்ளரிக்கும் இதுவே பொருந்தும். உருளைக்கிழங்கை வடித்ததும் வெறும் சூடான பாத்திரத்திலேயே சில நிமிடங்கள் திறந்து வைத்தால், மேற்பரப்பின் ஈரம் ஆவியாகிவிடும். உப்புத் தூவிய காய்கறிகள் எல்லாம் நேரம் செல்லச் செல்ல நீர் விடும் என்பதால், முன்பகுதியில் உப்பைத் தவிர்க்கச் சொன்னது இங்கேயும் பயன்படுகிறது. உறையவைத்து எடுத்த சீஸும் உருகும்போது நீர் கசியும்.

ஏற்கெனவே தண்ணீர் தேங்கிவிட்ட சாலட்டை அதே கிண்ணத்தில் வைத்துத் திருத்த முயல வேண்டாம். இரு கைகளாலும் மேலிருந்து அள்ளி உலர்ந்த வேறொரு கிண்ணத்துக்கு மாற்றி, அடியில் தேங்கியதைக் கொட்டிவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி மசித்த சீஸும் கலந்து மீண்டும் மெதுவாகப் புரட்டினால், பரிமாறத்தக்க நிலைக்கு வந்துவிடும்.

இலைகள் வதங்கித் துவண்டுவிடுகின்றன

வினிகரின் புளிப்பே இலையை வதக்குகிறது என்று பலர் நம்புகின்றனர். ஆனால் முதன்மையான காரணம் எண்ணெய். இலையின் மேற்பரப்பில் இயல்பாகவே உள்ள மெழுகுப் படலம் நீர்த்தன்மையுள்ள வினிகரைத் தள்ளி நிறுத்துகிறது. எண்ணெயோ அந்தப் படலத்தின் வழியே ஊடுருவி உள்ளே புகுந்து இலையின் கட்டமைப்பைத் தளர்த்திவிடுகிறது. ஆகவே டிரெஸ்ஸிங்கில் வினிகரைக் குறைப்பதால் பயனில்லை. உண்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்புதான் கலக்க வேண்டும்.

விருந்தினர் வரவுக்காக முன்னதாகவே ஆயத்தம் செய்ய வேண்டியிருந்தால், பெரிய கிண்ணத்தின் அடியில் டிரெஸ்ஸிங்கை ஊற்றி, அதன்மேல் உருளைக்கிழங்கையும் வெங்காயத்தையும் போட்டு, அவற்றின்மேல் இலைகளைத் தளர்வாக அடுக்கி, ஈரத்துணியால் மூடிக் குளிரில் வைக்கலாம். கிழங்கு டிரெஸ்ஸிங்கை உறிஞ்சிச் சுவையேறும். இலைகள் அதைத் தொடாமல் மேலே இருக்கும். மேசையில் வைத்த பிறகு கிளறினால் போதும்.

சூடான பொருள்கள் மற்றொரு காரணம். அப்போதுதான் வாட்டிய கோழி இறைச்சியையோ பேக்கனையோ இலையின்மேல் போட்டால், அடுத்த நிமிடமே அந்த இடம் வெந்து கறுத்துவிடும். தொட்டால் வெதுவெதுப்பாக மட்டும் இருக்கும் அளவுக்கு ஆறிய பிறகே சேர்க்க வேண்டும். டிரெஸ்ஸிங் படாமலேயே சோர்ந்திருக்கும் இலைகளைப் பனிக்கட்டி இட்ட நீரில் கால் மணி நேரம் அமிழ்த்தினால், அவை நீரை உறிஞ்சி மீண்டும் விறைப்பாகும். எண்ணெய் பட்டுத் துவண்டதை எந்த முறையாலும் மீட்க இயலாது. இலைகளுக்குள் அருகுலாவே விரைவில் வதங்குவது. ஐஸ்பெர்க் நெடுநேரம் தாங்குவது. கேல் இலை மட்டும் இதற்கு நேர்மாறானது. அதை எண்ணெயுடன் சேர்த்துக் கையால் பிசைந்து தளர்த்தினால்தான் மெல்லவே முடியும்.

சீஸ் உதிராமல் கத்தியிலும் விரலிலும் அப்பிக்கொள்கிறது

முதலில் கையிலிருப்பது எந்த வகை என்று பார்க்க வேண்டும். ஸ்டில்டன், கோர்கொன்சோலா பிக்கான்தே ஆகியவை இயல்பாகவே பொலபொலவென்று உதிரக்கூடியவை. ராக்ஃபோர் ஈரப்பசை உள்ளது. உதிரும், ஆனால் கையில் ஒட்டும். கோர்கொன்சோலா டோல்சே கரண்டியால் அள்ளத்தக்க மென்மை கொண்டது; அதை எவ்வளவு முயன்றாலும் உதிர்க்க இயலாது. டோல்சே குறைந்தது 50 நாள்களும், பிக்கான்தே குறைந்தது 80 நாள்களும் முதிரவைக்கப்படுவதால்தான் ஒரே பெயரைத் தாங்கிய இரண்டும் இவ்வளவு வேறுபடுகின்றன. மென்மையான வகையை வாங்கிவிட்டவர்கள் அதைச் சிறு கரண்டியால் ஆங்காங்கே வைக்கலாம், அல்லது முழுவதையும் டிரெஸ்ஸிங்கில் மசித்துவிடலாம். இரண்டுமே நன்றாக இருக்கும்.

உதிரக்கூடிய வகையாக இருந்தும் அப்பிக்கொண்டால், சீஸ் அதிகமாக இளகிவிட்டது என்று பொருள். உறைபெட்டியில் 15 முதல் 20 நிமிடங்கள் வைத்து எடுத்து, கத்திக்குப் பதிலாக முள்கரண்டியின் முனையால் கீறி உதிர்க்க வேண்டும். இங்கே இன்னொரு செய்தியையும் நினைவில் கொள்ள வேண்டும்: குளிர்ந்த சீஸ் உதிர்க்க எளிது, ஆனால் அதில் மணம் எழாது. எனவே குளிராக இருக்கும்போதே உதிர்த்து, தட்டில் பரப்பி, அறை வெப்பநிலையில் அரை மணி நேரம் விட்டுவைத்து, பிறகு சாலட்டில் சேர்ப்பதே முறை.

துணுக்குகளின் அளவும் முக்கியமானது. பெரிய கட்டிகள் விழுந்தால் ஒரு வாய் முழுவதும் சீஸாகவும் அடுத்த நான்கு வாய் வெறும் இலையாகவும் அமையும். பட்டாணி அளவைத் தாண்டாமல் உதிர்த்து, அதில் மூன்றில் ஒரு பங்கை டிரெஸ்ஸிங்கில் மசித்து, இன்னொரு பங்கை இலைகளுடன் புரட்டி, எஞ்சியதைப் பரிமாறும்போது மேலே தூவினால், எல்லா வாயிலும் சுவை இருக்கும். ஏற்கெனவே உதிர்த்து அடைக்கப்பட்டு விற்கப்படும் சீஸில், துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் செல்லுலோஸ் அல்லது மாவுப்பொருள் தூவப்பட்டிருப்பது வழக்கம். அதனால் அது உலர்ந்து, டிரெஸ்ஸிங்கில் சரியாகக் கரையாமல் திப்பிதிப்பியாக நிற்கும். முழுத் துண்டாக வாங்கி வீட்டில் உதிர்ப்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

மணம் தாங்க முடியாத அளவுக்குத் தூக்கலாக இருக்கிறது, அல்லது மணமே இல்லை

மணமே இல்லையெனில் காரணம் பெரும்பாலும் குளிர்ச்சிதான். அதற்குரிய திருத்தம் மேலே சொல்லப்பட்டது. தூக்கலாக இருந்தால், அது எத்தகைய நெடி என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

ப்ளூ சீஸுக்கே உரிய காரமான மணம், பூஞ்சை பாலின் கொழுப்பைக் கொழுப்பமிலங்களாகச் சிதைத்து, அவற்றிலிருந்து மெத்தில் கீட்டோன்கள் எனப்படும் எளிதில் ஆவியாகும் சேர்மங்களை உண்டாக்குவதால் வருவது. சீஸ் வட்டைகளை நீண்ட ஊசிகளால் துளையிட்டுக் காற்றை உள்ளே செலுத்துவதும் இந்தப் பூஞ்சை உள்ளுக்குள் வளர்வதற்காகத்தான். இந்த மணம் குறையன்று. வகையைப் பொறுத்து அதன் வீரியம் மாறுபடும். முதன்முறையாக உண்போருக்குக் கோர்கொன்சோலா டோல்சே அல்லது பிரான்ஸின் ஃபூர்ம் தாம்பேர் பொருத்தமானது. தென் பிரான்ஸில் ராக்ஃபோர் சூர் சூல்சோன் என்ற ஊரின் குகைகளில் முதிரும் ராக்ஃபோர் செம்மறியாட்டுப் பாலால் ஆனது, காட்டமானது. ஸ்பெயினின் கப்ராலெஸ் மிகவும் காட்டமானது. காட்டமான வகையே கையிலிருந்தால் அளவை 50 கிராமாகக் குறைத்து, பேரிக்காயையும் தேனையும் சற்றுக் கூட்டி, சிவப்பு வெங்காயத்தை நறுக்கிய பின் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்து சேர்க்க வேண்டும். வெங்காயத்தின் நெடி சீஸின் நெடியோடு சேரும்போதுதான் பலருக்கும் தாங்க முடியாமல் போகிறது.

மூக்கைத் துளைக்கும் அம்மோனியா நெடி வேறு. சீஸிலுள்ள புரதம் சிதைவதால் உண்டாகும் அந்த வாயு, பிளாஸ்டிக் உறையில் இறுக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும்போது வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. உறையைப் பிரித்து அரை மணி நேரம் காற்றாட வைத்தால் நெடி அடங்கும். அடங்கியபின் சுவைத்துப் பார்த்துப் பயன்படுத்தலாம். அடங்காமல் நின்றால் அது அளவுக்கு மீறி முதிர்ந்துவிட்டது. அதைச் சாலட்டில் சேர்க்க வேண்டாம்.

டிரெஸ்ஸிங் பிரிகிறது, நீர்த்துப்போகிறது, அல்லது சாம்பல் நிறமாகிறது

எண்ணெயும் வினிகரும் பிரிந்து நிற்பது கடுகு விழுதைக் கடைசியில் சேர்ப்பதால் பெரும்பாலும் நேர்வது. வினிகர், கடுகு விழுது, தேன், ஒரு மேசைக்கரண்டி மசித்த சீஸ் ஆகியவற்றை முதலில் நன்கு கலந்து, எண்ணெயை முதலில் சொட்டுச் சொட்டாகவும் பிறகு மெல்லிய தாரையாகவும் ஊற்றி அடித்துக்கொண்டே வந்தால், கடுகின் பசைத்தன்மையும் சீஸின் புரதமும் எண்ணெய்த் துளிகளைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பிரிந்துவிட்டதை ஒரு தேக்கரண்டி கடுகு விழுது இட்ட புதிய கிண்ணத்தில் சிறிது சிறிதாகச் சேர்த்து அடித்தால் மீண்டும் கூடிவரும்.

கெட்டியான கிரீம் டிரெஸ்ஸிங்கை விரும்புவோர், 75 கிராம் சீஸில் பாதியை 4 மேசைக்கரண்டி சோர் கிரீம், 2 மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றுடன் மசித்து, எஞ்சியதைத் துணுக்குகளாக அதில் கலக்கலாம். அதைத் தளர்த்த மோர் வேண்டுமானால் கடைசியில், ஒவ்வொரு கரண்டியாக மட்டுமே சேர்க்க வேண்டும். செய்த உடனே நீர்த்ததாகத் தோன்றுவது குளிரில் ஓரிரு மணி நேரம் இருந்தால் தானே இறுகும். அதற்குள் பதறி மேலும் மயோனைஸைக் கூட்டினால், பிறகு களிபோல ஆகிவிடும். மோருக்குப் பதிலாகப் பாலை ஊற்றி எலுமிச்சைச் சாற்றைச் சேர்ப்பவர்களுக்குத்தான் டிரெஸ்ஸிங் திரிந்துபோகிறது.

சாம்பல் நிறத்துக்குக் காரணம் மிக்ஸி. சீஸை அதில் இட்டு ஓட்டும்போது நீல நரம்புகள் நுண்ணியதாக அரைபட்டு வெண்மையுடன் கலந்துவிடுகின்றன. சுவையில் கேடில்லை, ஆனால் பார்வைக்கு நன்றாயிராது. முள்கரண்டியால் மசிப்பதே போதுமானது.

கசப்பு மேலோங்குகிறது

எல்லாவற்றையும் தனித்தனியே சுவைத்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. முதலில் வால்நட்டைச் சுவையுங்கள். அதன் மெல்லிய தோலில் உள்ள டானின் துவர்ப்பையும் கசப்பையும் தருவது இயல்பு. 175 டிகிரி செல்சியஸ் சூடேற்றிய ஓவனில் 8 முதல் 10 நிமிடங்கள் வறுத்து, சூடாக இருக்கும்போதே துணியில் இட்டுத் தேய்த்தால் தோலின் பெரும்பகுதி கழன்றுவிடும். வறுக்கும்போது சற்றுக் கவனம் சிதறினாலே கருகிக் கசந்துவிடும் என்பதால், ஆறாவது நிமிடத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பழைய எண்ணெயின் சிக்கு வாடை அடித்தால் அந்தப் பருப்பு கெட்டுவிட்டது, வறுத்தாலும் சரியாகாது. வால்நட்டின் கொழுப்பு விரைவில் சிக்கெடுப்பது, ஆதலால் மிஞ்சியதை உறைபெட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

அடுத்து ராடிக்கியோ. அதை நறுக்கிப் பனிக்கட்டி நீரில் அரை மணி நேரம் ஊறவைத்தால் கசப்பின் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும். எக்ஸ்ட்ரா வர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்ஸியில் வேகமாக அடித்தாலும் கசப்பேறக்கூடும். கையால் அடித்தால் அது நேராது. சிறிதளவு கசப்பு இந்தச் சாலட்டுக்கு வேண்டியதே. உப்பு கசப்பைத் தணிக்கும் இயல்புடையது என்பதால், தனியே கசந்த இலை சீஸுடன் சேரும்போது இதமாகிவிடுகிறது. அதனால் முற்றிலும் கசப்பில்லாத இலைகளை மட்டும் தேர்ந்தெடுத்தால் சாலட் சப்பென்று ஆகிவிடும்.

பேரிக்காய் பழுப்பாகிறது, பீட்ரூட்டின் நிறம் எல்லாவற்றிலும் ஏறுகிறது, முட்டையில் பச்சை வளையம் தோன்றுகிறது

பேரிக்காயைக் கடைசியில் நறுக்கி, எலுமிச்சைச் சாற்றில் புரட்டினால் பழுப்பாவது தாமதப்படும். பீட்ரூட்டைத் தனிக் கிண்ணத்தில் டிரெஸ்ஸிங்குடன் கலந்து, பரிமாறும் நொடியில் மேலே வைக்க வேண்டும், கிளறக்கூடாது. முட்டையின் பச்சை வளையம் அதிக நேரம் வேகவைத்ததால் மஞ்சள் கருவின் இரும்பும் வெள்ளைக்கருவின் கந்தகமும் சேர்ந்து உண்டாவது. கொதிநீரில் 10 நிமிடம் வேகவைத்து உடனே பனிக்கட்டி நீரில் இட்டால் தோன்றாது. உண்பதற்குக் கேடில்லாதது.

வயிறு நிறையவில்லை, ஒரு மணி நேரத்தில் பசிக்கிறது

இலைகளைக் கூட்டுவதால் இந்தக் குறை தீராது, சீஸைக் கூட்டினால் மீண்டும் உப்புக் கரிக்கும். 75 கிராம் சீஸில் ஏறத்தாழ 16 கிராம் புரதமும், இரண்டு முட்டைகளில் 12 கிராம் புரதமும் உண்டு. இருவருக்குப் பகிர்ந்தால் ஒருவருக்குப் 14 கிராம்தான். தோலின்றி வாட்டிய கோழி நெஞ்சுக்கறி 200 கிராம் சேர்த்தால் ஒருவருக்கு மேலும் 30 கிராம் கிடைக்கும். 1930களில் ஹாலிவுட்டின் பிரவுன் டெர்பி உணவகத்தில் பிறந்த காப் சாலட், கோழி, பேக்கன், முட்டை, அவகாடோ ஆகியவற்றுடன் ப்ளூ சீஸைச் சேர்த்ததும் முழு உணவாகும்படிதான். மாட்டிறைச்சியைச் சேர்ப்பவர்கள் வாட்டிய பின் பத்து நிமிடம் ஆறவிட்டு, தசை இழைகளுக்குக் குறுக்காக மெல்லியதாக வெட்ட வேண்டும்; இழையின் போக்கிலேயே வெட்டினால் மெல்ல முடியாது. இறைச்சியில் உப்பைக் கைவிடாமல் இட்டுவிட்டு, சீஸைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

இறைச்சி வேண்டாதோர்க்கு உருவம் குலையாமல் வேகும் சிறு பச்சை லென்டில் மிகப் பொருத்தமானது. 20 முதல் 25 நிமிடங்களில் வெந்துவிடும். லென்டிலையும் உருளைக்கிழங்கையும் சூடாக இருக்கும்போதே ஒரு மேசைக்கரண்டி வினிகரில் புரட்டி வைத்தால் சுவை உள்ளே இறங்கும். ஆறிய பின் கலந்தால் மேலோடு நின்றுவிடும். சைவ உணவினர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: ராக்ஃபோர், கோர்கொன்சோலா ஆகியவை விலங்கின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் ரென்னெட்டைக் கொண்டு உறையவைக்கப்படுபவை. தாவர அல்லது நுண்ணுயிர் ரென்னெட் கொண்டு செய்த ப்ளூ சீஸ் வகைகளும் உள்ளன. உறையின்மேல் உள்ள குறிப்பைப் படித்து வாங்க வேண்டும்.

சீஸ் கெட்டுவிட்டதா என்ற ஐயம்; மிஞ்சியதை என்ன செய்வது

நீலமும் சாம்பல் பச்சையுமான நரம்புகள் சீஸின் இயல்பு. இளஞ்சிவப்பு, கருப்பு, மஞ்சள் நிறப் புள்ளிகளோ, பஞ்சுபோன்ற புதிய வளர்ச்சியோ, வழவழப்பான பிசினோ மேற்பரப்பில் தோன்றினால் அந்தத் துண்டை அப்புறப்படுத்த வேண்டும். கருவுற்ற பெண்களும், நோய் எதிர்ப்புத் திறன் குறைந்தவர்களும், முதியோரும் மென்மையான ப்ளூ சீஸைச் சமைக்காமல் உண்பதைத் தவிர்க்க வேண்டும். அதில் லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் வளரக்கூடும், அது குளிர்சாதனப் பெட்டியின் குளிரிலும் பெருகும் தன்மையது. அவர்களுக்காகச் செய்யும்போது சீஸை நன்கு ஆவி பறக்கும் வரை சூடாக்கிய சாஸாகச் செய்து உருளைக்கிழங்கின்மேல் ஊற்றிக் கொடுக்கலாம்.

கலந்துவிட்ட சாலட்டை மறுநாளுக்கு வைப்பதில் பயனில்லை, இலைகள் சொதசொதவென்றாகிவிடும். அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்ததை உண்ணவும் வேண்டாம். மறுநாளும் தேவைப்படும் என்று தெரிந்தால், இலை, கிழங்கு, டிரெஸ்ஸிங், வால்நட் ஆகியவற்றைத் தனித்தனியே எடுத்து வைத்துவிட்டு, உண்ணும் அளவை மட்டும் கலந்துகொள்ள வேண்டும். மிஞ்சிய சீஸ் துண்டை மெழுகுக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் தளர்வாக வைத்தால், பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றியதைவிட நெடுநாள் நன்றாயிருக்கும். உறைபெட்டியில் வைத்ததும் வீணாகாது; உருகியபின் அது நொறுங்கலாகிவிடுவதால் மேலே தூவுவதற்கு ஏற்றதாக இராது என்றாலும், டிரெஸ்ஸிங்கில் மசிப்பதற்குத் தாராளமாகப் பயன்படும்.